புத்தகக் கடையில் ஜாஸ் இசையும் கதை வாசிப்பும் – ஜனவரி 24

குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

நம் தெரு முனையிலுள்ள புத்தகக் கடையின் மாடியில், ஜனவரி 24, சனிக்கிழமை மாலை 6.30 மணிக்கு, சாக்ஸபோன், டபுள் பாஸ், டிரம்ஸ் ஆகிய மூன்று கருவிகளோடு ஜாஸ் இசையும், அதைத் தொடர்ந்து உறுப்பினர்களின் கதை, கவிதை வாசிப்பும் நடைபெறும். 1958-இல் சென்னைக்கு வந்த அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக், மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து வியந்ததை எண்ணினால், இந்த இசையை நம் ஊருக்கு அந்நியமென்று ஒதுக்க மனம் வரவில்லை.

1. நாற்காலிகள் 40 மட்டுமே என்பதால், வருவோர் ஜனவரி 20-க்குள் வீட்டு எண்ணையும் எத்தனை பேர் என்பதையும் இங்கே பதிவிட வேண்டுகிறோம்.

2. வாசிக்க விரும்புவோர் ஐந்து நிமிடத்தில் முடியும் சொந்தப் படைப்பை எனக்குத் தனியே அனுப்பவும்.

3. கடை முன் வண்டி நிறுத்த இடமில்லை, நடந்தே வரவும்.

4. இசைக் கலைஞர் ஒருவர் தனியே தம் கருவியை வாசித்து முடித்ததும் பாட்டின் நடுவிலேயே கைதட்டுவது ஜாஸ் மரபு, தயங்க வேண்டாம். கதை வாசிக்கும்போது மட்டும் அமைதி காக்கவும்.

5. குடியிருப்புப் பகுதிக்குப் பகல்நேர (இரவு 10 மணி வரையிலான) ஒலி வரம்பு 55 டெசிபல் என்பதால் ஒலிபெருக்கியைத் தவிர்த்திருக்கிறோம். டிரம்ஸையும் பிரஷ் கொண்டு மெல்ல வாசிக்கக் கேட்டிருக்கிறோம். நிகழ்ச்சி இரவு 8.30-க்கு முடியும். கடையை ஒட்டிய வீடுகளில் கைக்குழந்தைகளோ நோயுற்றவர்களோ இருந்து இது இடையூறாகும் எனில், தயங்காமல் முன்பே தெரிவிக்கவும்.

நுழைவுக் கட்டணம் இல்லை. வர இயலாதவர்களும் 'இல்லை' என்று பதிலிட்டால் இருக்கைக் கணக்குக்கு உதவும்.

– செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்