ஐந்து நிமிடம் தாண்டும் வலிப்பு

அன்பு மகளுக்கு,

பேரனுக்குக் காய்ச்சலில் வந்த வலிப்பு தானாக நின்றுவிட்டது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் அப்படித்தான் நிற்கும். நிற்காமல் நீளும் வலிப்பைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கை கால் வெட்டி இழுக்கத் தொடங்கியதும் கடிகாரத்தைப் பார். பதற்றத்தில் ஒரு நிமிடமே பத்து நிமிடமாகத் தெரியும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வை, எச்சில் வெளியே வடியட்டும். வாயில் ஸ்பூன், தண்ணீர், மாத்திரை எதுவும் கூடாது. இரும்புச் சாவியைக் கையில் கொடுக்கச் சொல்வார்கள். அதைத் தேடி நேரத்தை விடாதே.

ஐந்து நிமிடமாகியும் நிற்கவில்லையென்றால் வலிப்பை நிறுத்தும் மருந்தான மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரே கொடு. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கணக்கில், 12 கிலோ பிள்ளைக்கு ஏறக்குறைய 2.5 மில்லிகிராம் வரும். கடையில் ஒரு அழுத்துக்கு 0.5 மில்லிகிராம், 1.25 மில்லிகிராம் என்று இரண்டும் கிடைக்கும். முதலாவதில் ஐந்து அழுத்து, மற்றதில் இரண்டு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். லேபிளை உங்கள் டாக்டரிடம் காட்டி, எத்தனை அழுத்து என்று எழுதி வாங்கிப் பாட்டிலிலேயே ஒட்டி வை. புதுப் பாட்டிலை முன்னதாகவே காற்றில் சில முறை அழுத்திப் பார். இல்லாவிட்டால் முதல் அழுத்துகளில் மருந்து வராது. இரண்டு நாசியிலும் மாற்றி மாற்றி அடி. உடனே 108-ஐக் கூப்பிடு. நீயாகத் திரும்பக் கொடுக்காதே, மூச்சு மந்தமாகிவிடும். வருபவர்களிடம் தொடங்கிய நேரத்தையும் கொடுத்த அளவையும் சொல்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற பொருளை வாங்கி வலிப்பை அடக்கும் காபா ஏற்பிகள் நேரம் போகப் போக நரம்புச் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே போய்விடும். மிடாசோலம் வேலை செய்வது அவற்றின் மூலம்தான். தாமதித்தால் அதே மருந்து பிடிக்காது. 30 நிமிடத்தைத் தாண்டினால் மூளைக்கே சேதம் வரலாம்.

வெட்டு நின்ற பிறகும் கண் திறந்தபடி ஒரு பக்கமாகச் சொருகியிருந்தால் வலிப்பு முடியவில்லை என்றே எடுத்துக்கொள்.

நீளும் வலிப்புக்குச் சின்னப் பிள்ளைகளிடம் முதல் காரணம் காய்ச்சல். ஆனால் மூளைக்காய்ச்சல், சர்க்கரைக் குறைவு, பேதியின்போது வெறும் தண்ணீரே கொடுத்துச் சோடியம் இறங்குவது, இவையெல்லாம் இல்லையென்று ஆஸ்பத்திரியில் பார்த்தாக வேண்டும். ஏற்கெனவே வலிப்பு மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு ஒரு சில வேளை மருந்து விட்டுப்போனாலே போதும், வலிப்பு நீண்டுவிடலாம்.

பின்விளைவைப் பெரும்பாலும் அந்தக் காரணம்தான் தீர்மானிக்கிறது. 2006-இல் வெளியான வட லண்டன் ஆய்வில், நீண்ட வலிப்பு வந்த பிள்ளைகளில் இறப்பு சுமார் 3 சதவீதம். காய்ச்சலால் மட்டும் நீண்டதென்றால், பெரும்பாலான பிள்ளைகள் பழையபடியே வளர்வார்கள். சிலருக்கு மட்டும் மூளையில் நினைவுக்கான பகுதியான ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்பட்டு, பல வருடம் கழித்து வலிப்பு நோய் வரலாம்.

பிளேஸ்கூலிலும் ஒரு பாட்டில் கொடுத்து வை. அழுத்தும் விதத்தை டீச்சருக்குச் செய்து காட்டு.

அன்புடன்,
அம்மா