பக்கத்தில் நிற்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள்

நீலகிரியில் பள்ளி மாணவர் கிரிக்கெட் போட்டிகளை நடத்துவோருக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

சென்ற சனிக்கிழமை குன்னூரில் எங்கள் பள்ளி அணி ஆடிய ஆட்டத்தில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். தோற்றோம், அதைப் பற்றி நான் எழுதவில்லை.

எங்கள் தொடக்க ஆட்டக்காரன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். கோத்தகிரிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து இருட்டோடு நடந்து வந்து முதல் பஸ்ஸைப் பிடித்தான். மகன் ஆடுவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டுமென்று அவன் அம்மா கொழுந்து பறிக்கும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு உடன் வந்திருந்தார். இரண்டாவது பந்தை ஸ்கொயர் லெக் பக்கம், அதாவது தனக்குப் பக்கவாட்டில், தட்டினான். ஃபீல்டர் குனிந்து எடுத்தார். தரையில் பட்டு எழும்பிய பந்து அது. பந்துவீச்சு முனையில் நின்ற நடுவருக்கு அந்த மூடுபனியில் ஃபீல்டரின் வெள்ளைச் சட்டைகூடத் தெரிந்திருக்காது. ஆனாலும் கேட்ச் அவுட் என்று அவர் விரல் உயர்ந்தது. ஃபீல்டரின் அருகிலேயே நின்ற இன்னொரு நடுவர் கையை அசைத்தபடி இரண்டடி முன்னால் வந்தார். விரலை உயர்த்தியவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு அவரிடமே நான் பணிவாகக் கேட்டேன். "கொடுத்த முடிவை மாற்றினால் நடுவருக்கு என்ன மதிப்பு?" என்றார்.

ஐயா, விதி அப்படிச் சொல்லவில்லை. சக நடுவர் நன்றாகப் பார்த்திருக்கக்கூடிய விஷயத்தில் ஐயம் இருந்தால் அவரைக் கேட்டாக வேண்டும், கேட்ட பின்னும் ஐயம் தீராவிட்டால் நாட் அவுட் என்கிறது கிரிக்கெட் விதி 31.6. உடனடியாகச் செய்தால் நடுவர் தம் முடிவை மாற்றலாம் என்கிறது விதி 2.12. 1980இல் மும்பை டெஸ்டில் அவுட் கொடுக்கப்பட்ட இங்கிலாந்தின் பாப் டெய்லரை இந்திய கேப்டன் விஸ்வநாத் திரும்ப அழைத்தார். டெய்லர் மீண்டும் ஆடினார், இந்தியா தோற்றது. கொடுத்த முடிவை மாற்ற அன்றைய நடுவரும் ஒப்புக்கொண்டார்.

மலையில் சமதரை கிடைப்பதே அரிது. ஜூனில் மழை இறங்கினால் மாதக்கணக்கில் ஆட்டமில்லை. பெரிய அணிகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளுக்குக் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும். அங்கே போய்ச் சேர எங்கள் பிள்ளைகளிடம் இருப்பது இப்படிக் கிடைக்கும் நாலைந்து இன்னிங்ஸ்தான். அதில் ஒன்றை, ஒரு வார்த்தை கேட்க மனமில்லாமல் பறிப்பது எந்த வகையில் நியாயம்? கேமரா வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. மைதானத்திலேயே இரண்டாவது ஜோடிக் கண்கள் இருக்கின்றன.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். வேண்டுவது இதுதான்: ஐயம் வந்தால் சக நடுவரைக் கேளுங்கள். தவறென்று தெரிந்தால் அடுத்த பந்துக்கு முன் மாற்றுங்கள். இதை டாஸின்போதே இரு கேப்டன்களிடமும் சொல்லிவிடுங்கள்.

"என் பையன் என்ன தப்பு செய்தான்?" என்று பஸ்ஸில் அந்த அம்மா கேட்டார். அடுத்த ஆட்டத்துக்கும் அவனை அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்