ஊருக்குச் சொன்னதை உள்ளே சொல்லவில்லை: செட்டிநாட்டுத் தொழில் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் ஹோட்டலும் பலகாரக் கடையும் சேலைக்கடையும் டைல்ஸ் பட்டறையும் நடத்தும் முதலாளிகளுக்கு,

வணக்கம். வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. முதலில் சென்னையில், அப்புறம் நம் ஊரில். ஒரு கறையைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றிய ஓர் இடத்தில் வேலை பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். எழுபது ஸ்லைடு, அத்தனையும் இங்கிலீஷ். நான்தான் தமிழில் சொல்லிச் சொல்லி ஓட்டினேன். தரையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கண் சொருகுகிற நேரத்தில் வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். பயிற்சி முடிந்தது என்று ஃபைலில் ஏறியது.

மூன்றாவது வாரம் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தை ஒட்டிய தரையில், யாரோ குழம்பைக் கொட்டிவிட்டார்கள். அந்தப் பெண்களில் ஒருவர் பாத்ரூமுக்கு வைத்திருந்த ஆசிட்டை எடுத்து ஊற்றித் தேய்த்தார். குழம்பு போய்விட்டது. ஆனால் அங்கே பதித்திருந்த ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் செய்கிற டைல்ஸ், சிமெண்ட் அல்லவா, ஆசிட் பட்டால் அரித்துவிடும். கல்லில் இருந்த பூ வேலைப்பாட்டில் இரண்டு பச்சை இதழ்கள் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்துவிட்டன. விரலால் தடவிப் பார்த்தேன். சுற்றிலும் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு, அந்த இடம் மட்டும் சொரசொர என்று இருந்தது.

அன்று இரவுதான் அதே ஹோட்டலின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு மாதம் முன்பு போட்ட நாற்பது விநாடி வீடியோ. இந்தத் தரையை வெறும் தண்ணீரில் துடைக்க வேண்டும், துணியில் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு மெருகேற்ற வேண்டும், ஆசிட் மட்டும் படவே கூடாது என்று அழகான தமிழில், பெரிய எழுத்தில், பின்னால் நாதஸ்வரத்தோடு சொல்லியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். வாழ்நாளில் ஆத்தங்குடித் தரையைத் துடைக்கப் போகாதவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம், அதைத் தினமும் துடைக்கிற பெண்ணுக்குத் தெரியவில்லை. அவர் கையிலும் போன் இருந்தது. அவருக்கு அதை அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள். அது அநியாயம் என்று அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். இன்று சொல்கிறேன்.

மார்க்கெட்டிங் ஒரு அறை, பயிற்சி ஒரு அறை என்று பிரித்து வைத்திருக்கிறோம். முன்னதற்குக் கேமரா, எடிட்டிங் தெரிந்த பையன், மாதப் பட்ஜெட். பின்னதற்குப் பழைய ஸ்லைடுகளும் சூப்பர்வைசரின் திட்டும். ஆனால் இரண்டு அறையிலும் நடப்பது ஒரே வேலை. தெரியாத ஒருவருக்கு ஒன்றைத் தெரியவைத்து, மறக்காமல் மனதில் நிறுத்தி, நாம் நினைத்ததைச் செய்ய வைப்பது.

நம் ஊருக்கு இது புதிதில்லை. நம் ஊர் நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்ய, போன காலத்தில் சின்னப் பையனைப் பெட்டியடிக்கு, கடையில் எடுபிடியாக இருந்து வேலை பழக, அனுப்புவார்கள். கிட்டங்கி என்கிற கடையிடத்தில் கைப்பெட்டி ஓரம் உட்கார்ந்து, வருகிறவரிடம் கடையை நடத்துகிற மேலாள் எப்படிப் பேசுகிறார், யாருக்குக் கடன் தருகிறார், யாரைத் திருப்பி அனுப்புகிறார் என்று பார்த்துப் பார்த்தே அவன் மேலாளுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் அடுத்தாள் ஆவான், ஒருநாள் மேலாளும் ஆவான். வியாபாரம் நடந்த இடமே அவனுக்குப் பள்ளிக்கூடம். அந்தக் காலத்துக் கண்டிப்பையும் பிள்ளைகள் பட்ட கஷ்டத்தையும் நான் புகழவில்லை. வாடிக்கையாளருக்குச் சொல்வது வேலை கற்பவன் காதிலும் விழுந்தது என்பதைத்தான் சொல்கிறேன். இப்போது வாடிக்கையாளருக்குச் சொல்வது போன் வழியாக வெளியே போய்விடுகிறது. உள்ளே இருப்பவர் காதில் விழுவதில்லை.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு, இந்த ஊர்ப் பொருள் என்று அங்கீகரிக்கும் புவிசார் குறியீடு 2019-ல் கிடைத்தது. வாங்க வருகிறவர்கள் அதையெல்லாம் போனில் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். எது கைத்தறி, எது விசைத்தறி, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்கள். கவுண்டரில் நிற்கும் பெண் விலையை மட்டும் சொல்லிவிட்டு முதலாளியைத் திரும்பிப் பார்க்கிறார். அந்த இடத்தில் எத்தனை வியாபாரம் கை நழுவுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

விளம்பரக்காரர்களிடம் பயிற்சிக்காரர்கள் படிக்க வேண்டியது நிறைய. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், மனப்பாடம் செய்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் எழுதினார். படித்த சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் தங்குகிறது. விளம்பரம் செய்கிறவருக்கு இது கைவந்த கலை. ஒரே சோப்பை ஒரே பாட்டோடு நூறு தடவை காட்டுவார். நாம் மட்டும் ஒரே நாளில் எழுபது ஸ்லைடைக் கொட்டிவிட்டு, 'சொன்னேனே, ஏன் மறந்தாய்' என்று கேட்கிறோம்.

இப்போது நான் ஒரு பலகாரக் கடைக்கு வேலை செய்கிறேன். சீப்புச் சீடைக்கு மாவை வரி அச்சில் நாடாவாகப் பிழிந்து, சின்னத் துண்டுகளாக நறுக்கி, விரலில் சுற்றி முனைகளை ஒட்ட வேண்டும். ஒட்டு சரியாக விழாவிட்டால் எண்ணெயில் வாய் பிளந்துகொள்ளும். புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். அங்கே இருக்கும் மூத்த ஆச்சி ஒருவர் ஆள்காட்டி விரலில் சுற்றி, கட்டைவிரல் நகத்தின் பின்பக்கத்தால் ஒரு அழுத்து அழுத்துவார். அவ்வளவுதான். அவர் கையை மட்டும், அவர் பேச்சோடு, இருபது விநாடி எடுத்தோம். பாட்டு இல்லை, ஒன்றும் இல்லை. பிழிகிற மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு கியூஆர் கோடு ஒட்டினோம். வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டோம், அடுத்த வாரம் திரும்பவும் போட்டோம். பிள்ளைகள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்கு நடுவிலேயே பார்க்கிறார்கள். அதே வீடியோவைக் கொஞ்சமும் மாற்றாமல் கடையின் இணையப் பக்கத்திலும் போட்டோம். மெஷினில் செய்கிறீர்கள் என்று நினைத்தேன் என்று எழுதியவர்கள் பல பேர். விலை ஏன் இவ்வளவு என்ற கேள்வி அதற்குப் பிறகு குறைந்துவிட்டது.

மார்க்கெட்டிங் பிள்ளைகள் எங்களிடம் கற்க வேண்டியதும் உண்டு. டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959-ல், பயிற்சியை நான்கு படியாக அளக்கச் சொன்னார். பிடித்ததா, தெரிந்துகொண்டார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் வந்ததா. லைக்கும் வியூஸும் முதல் படியைத் தாண்டாது. ஆத்தங்குடிப் பட்டறையில் கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு குழிக்கும் கரண்டியால் கலர் ஊற்றி, அச்சைத் தூக்குகிற அந்த நொடியைத்தான் எல்லோரும் வீடியோ எடுக்கிறார்கள். பார்க்கவும் அழகு. மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்வது வரைக்கும்கூடச் சிலர் காட்டுகிறார்கள். அதன்பிறகு கல் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறுவதை யாரும் காட்டுவதில்லை. அங்கே எதுவும் அசையாதே! ஆனால் கல்லுக்கு வலு வருவது அந்தத் தொட்டியில்தான். அதைப் பார்க்காத வாடிக்கையாளர், அவசரமாக நாளைக்கே அனுப்ப முடியுமா என்று கேட்கிறார். அதைப் பார்க்காத புதுப் பையன், சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனதும் கல்லைச் சீக்கிரமே வெளியே எடுத்துவிடுகிறான். இரண்டு பேருக்கும் தேவைப்படுவது ஒரே வீடியோதான்.

சரி, உங்களிடம் நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளியே போடப்போகும் ஒவ்வொன்றையும் அந்த வேலையைச் செய்கிறவரிடம் முதலில் காட்டுங்கள். 'இது இப்படி இல்லையே' என்று அவர் சொன்னால் நிறுத்தி வையுங்கள். கைத்தறி இல்லாததைக் கைத்தறி என்று வீடியோவில் சொல்லிவிட்டு அதையே கவுண்டர் பெண்ணையும் சொல்ல வைத்தால், அவர் கற்றுக்கொள்வது சேலையைப் பற்றி அல்ல, பொய் சொல்வதைத்தான்.

ஒருவருடைய முகமோ குரலோ வருகிறது என்றால் அவர் மனதாரச் சம்மதிக்க வேண்டும், அதற்குத் தனியாகப் பணமும் தர வேண்டும். எங்கள் ஆச்சிக்கு ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு நாள் கூலி தருகிறோம். முகத்தைக் காட்ட வேண்டாம் என்றார், காட்டவில்லை. வாட்ஸ்அப்பில் இரவு பத்து மணிக்குப் பாடம் அனுப்பி, காலையில் 'பார்த்தாயா' என்று கேட்பதையும் நிறுத்துங்கள். கற்பதும் வேலைதான். அதை வேலை நேரத்தில், சம்பளத்தோடு வையுங்கள்.

அந்த வெளுத்த இதழ்களை மாற்றவில்லை, அப்படியேதான் இருக்கின்றன. பிடித்தம் செய்த பணமும் இன்னும் திரும்பவில்லை என்று அந்தப் பெண் போன மாதம் சந்தையில் பார்த்தபோது சொன்னார். அவரை வேலைக்கு வைத்திருந்தவரும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். ஐயா, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு பயிற்சியாளர்