பவர் பேங்க்கில் துளசி வளராது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது, 'பக்கத்தில் பிளக் பாயிண்ட் இல்லையென்றால் பவர் பேங்க்கில் விளக்கை மாட்டிவிடுங்கள்' என்ற ஒரு வரியைத் தவிர. அதே யோசனையை ஆறு மாதம் முன்பே கேட்டு ஏமாந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய வாடகை வீடு. ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று ரயில் பெட்டி மாதிரி நீளும். குரங்குத் தொல்லைக்காக வீட்டுக்காரர் முற்றத்துக் கம்பிகளுக்கு மேல் தகரம் போட்டு மூடிவிட்டார். நடுவில் இருப்பதோ சிமென்ட்டில் கட்டிய துளசி மாடம், நகர்த்த வழியில்லை. இரண்டே மாதத்தில் துளசி வெளுத்து, கொடி மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டது. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவே என் மூன்று விரலை வைக்கலாம். வீட்டில் மொத்தமே மூன்று பிளக் பாயிண்ட், முற்றத்தில் ஒன்றுகூட இல்லை. சுவரை உடைத்துப் புதிதாக ஒன்று போடவோ, ஒரு தகரத்தைக் கழற்றி வெளிச்சம் விடுகிற ஷீட் மாட்டவோ வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

பேரன் 10 வாட் யூ.எஸ்.பி. விளக்கு ஒன்றை வாங்கித் தந்து, தன் 20,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) பவர் பேங்க்கையும் கொடுத்தான். காலை 6 மணிக்குப் போட்டேன், பத்தே முக்காலுக்கு அணைந்தது. முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவள் முதலிலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. 20 ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக ஏற்றித் தருவதில் ஒரு பங்கு சூடாகவே போய்விடும். கைக்கு வருவது ஏறக்குறைய 50. வெயிலே படாத செடிக்கு விளக்கு 12 மணி நேரமாவது எரிய வேண்டுமே, 10 வாட்டுக்கு 120 வாட்-மணி வேண்டும். ஒரு துளசிக்குத் தினம் இரண்டரை பவர் பேங்க்! ராத்திரி அவற்றைச் சார்ஜ் போட, இருக்கிற மூன்று பிளக்கும் போய்விடும்.

யூ.பி.எஸ். பேட்டரி வாங்கச் சொன்னார்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி என்றால் முழுசாக வடித்தாலும் 84 வாட்-மணிதான். தினம் அப்படி வடித்தால் அது சீக்கிரம் செத்துவிடும். சோலார் தகடு வைக்கச் சொன்னவரும் உண்டு. தகட்டுக்கு வெயில் கிடைக்கும் இடம் இருந்தால் செடித் தொட்டியையே அங்கே வைத்துவிடலாமே! (மாடம் நகராது என்பது என் தலையெழுத்து.) அடுக்களையிலிருந்து முப்பதடி எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்தும் பார்த்தேன். மூன்றாம் நாள் அக்கா அதில் கால் தடுக்கி விழப்போனாள். தினம் தண்ணீர் ஊற்றும் இடத்தில் ஜங்ஷன் பாக்ஸ் தரையில் கிடப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் வழி சொன்னவர் எங்கள் தெரு வயர்மேன். "பிளக்கையே தேடுறீங்களேம்மா, தாழ்வாரத்துல லைட் பாயிண்ட் இருக்குதுல்ல?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தாழ்வாரத்து சீலிங் ரோஸிலிருந்து (மேலே விளக்கு வயரை இணைக்கும் வட்ட மூடி) பத்தடி வயர் எடுத்து, முற்றத்துக் கம்பியோடு கட்டி, மாடத்துக்கு நேர்மேலே இரண்டு பெண்டன்ட் ஹோல்டர் தொங்கவிட்டார். சுவரில் ஓர் ஓட்டைகூட இல்லை. சுவிட்சும் பழையதுதான். கூலி 400 ரூபாய். நான் வாங்கியது சாதாரண 12 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு இரண்டு. உங்கள் கட்டுரைப் படத்தில் இருந்த ரோஸ் நிற விளக்கு கட்டாயமில்லை. செடிக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் வெள்ளை வெளிச்சத்திலேயே இருக்கின்றன. தூரம்தான் முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். அதனால் செடிக்கு ஒன்றரை அடி மேலே தொங்குகிறது.

காலையில் தண்ணீர் ஊற்றிக் கோலம் போட்டபின் சுவிட்சைப் போடுவேன், சாயங்காலம் விளக்கேற்றும்போது அணைப்பேன். டைமர் நான்தான். இரண்டு மாதத்துக்குப் 17 யூனிட் சொச்சம் ஆகிறது. இனி இப்படிக் கட்டுரை போடும்போது எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். மிச்சக் கணக்கை வாசகர்கள் போட்டுக்கொள்வார்கள்.

துளசியில் புதிதாக வந்த கணுக்களுக்கு நடுவே இப்போது ஒரு விரல்தான் நுழைகிறது. கதிர் மட்டும் இன்னும் விடவில்லை.

– ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
ஸ்ரீரங்கம், திருச்சி – 6