மீட்டியோரா ஜெராக்ஸ் இல்லை, மாப்ளே

மாப்ளே,

மெயில் கிடைத்தது. புது கம்பெனி, புது ஃபிளாட், பாப்பா தமிழ் எழுதப் படிக்கிறாள், எல்லாம் படித்து ரொம்ப சந்தோஷம். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், 'லிங்கின் பார்க்கோட ரெண்டாவது ஆல்பம் மொத ஆல்பத்தோட ஜெராக்ஸ்தானலே' என்று, அதற்குப் பதில் சொல்லாமல் வீட்டு விஷயம் எழுத கை வரவில்லை. காலேஜ் முடித்த நாளிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். மஸ்கட்டுக்குப் போயும் மாறவில்லை.

அந்த அமெரிக்க ராக் பேண்டின் ரெண்டாவது ஆல்பமான மீட்டியோராவை நீ கேட்டதே இல்லை என்பது என் கட்சி. சிரிக்காதே. நீ கேட்டது ஜங்ஷனில் வாங்கிய எம்பி3 சிடி. ரெண்டு ஆல்பமும் ஒரே ஃபோல்டரில் கொட்டிக் கிடக்கும், உன் ரூமில் இருந்த விசிடி பிளேயர் அதை ஆங்கில அகர வரிசையில்தான் பாடும். யோசித்துப் பார். 'ஃபோர்வேர்ட்' என்று 13 விநாடிக்கு டமார் டமார் என்று ஒரு சத்தம் இருக்கிறதே, ஆல்பம் தொடங்குவதே அதில்தான். நமக்கு அது நடுவில் எங்கேயோ வந்துவிட்டு, அடுத்து முதல் ஆல்பத்தின் 'ஃபர்காட்டன்' ஓடும். 'நம்ப்' முடிந்த கையோடு 'ஒன் ஸ்டெப் க்ளோசர்'. 'செஷன்' என்று பாட்டே இல்லாத ஒரு துண்டு, பேண்டின் டிஜே ஜோ ஹான் டர்ன்டேபிளை வைத்து விளையாடுவது, அது 'நம்ப்'புக்கு முன்னால் வரவேண்டியது. நமக்கு அதற்கடுத்து 'சம்வேர் ஐ பிலாங்'. ரெண்டு ஆல்பத்தையும் இப்படிக் கலந்து கட்டிக் கேட்டவனுக்கு எது எதிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும்.

நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபின் ஒரிஜினல் சிடி வாங்கி வரிசையாகக் கேட்டேன். (அந்த சிடி இப்போது இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறையில் எங்கள் கீழ்வீடு முழுக்கத் தண்ணீர், பழைய பெட்டி ஒன்றும் மிஞ்சவில்லை. ஆற்றைக் குறை சொல்லி என்ன செய்ய.)

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ரெண்டு ஆல்பத்துக்கும் தயாரிப்பாளர் ஒரே ஆள், டான் கில்மோர். சத்தத்துக்கு அதே மெருகு, பாட்டுகளுக்கு அதே மூன்று நிமிஷக் கணக்கு. ஆனால் அவர்கள் இருந்த நிலைமையைப் பார். முதல் ஆல்பமான ஹைப்ரிட் தியரி 2000 அக்டோபரில் வந்தது, 2001இல் அமெரிக்காவில் அதைவிட அதிகமாக விற்ற ஆல்பம் வேறு கிடையாது. அதற்கப்புறம் எவனாக இருந்தாலும் ஒன்று பயந்துபோய் அதையே திரும்பச் செய்வான், இல்லை தலைக்கனம் ஏறி ஒரு மணி நேரத்துக்கு இழுப்பான். இவர்கள் டூர் பஸ்ஸிலேயே ரெக்கார்டிங் சாமான்களை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்து, 2003 மார்ச்சில் கொடுத்தது 13 டிராக், மொத்தம் 37 நிமிஷம்கூட இல்லை. 'சம்வேர் ஐ பிலாங்' பாட்டின் கோரஸை மட்டும் 40 தடவைக்குப் பக்கமாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் விநோதமாக ஒரு சத்தம் வரும் இல்லையா, அது பாடகர் செஸ்டர் பென்னிங்டன் வாசித்த கிதார்தான், பேண்டில் ராப் பாடுகிற மைக் ஷினோடா அதைப் பின்னோக்கி ஓடவிட்டு வெட்டி வெட்டி ஒட்டியது. ஜெராக்ஸ் எடுக்கிறவனுக்கு இவ்வளவு மெனக்கெட என்ன தேவை?

சரி, இனி என் வாதத்துக்கு வருகிறேன். இந்த ஆல்பத்தில் ராப் இருக்கும் இடம் மாறிவிட்டது. முதல் ஆல்பத்தில் பெரும்பாலும் ஒரே ஏற்பாடு, மைக் வந்து பேசிவிட்டுப் போவார், செஸ்டர் வந்து கோரஸில் தூக்குவார். இதில் அந்தக் கட்டாயம் இல்லை. முதல் முழுப் பாட்டான 'டோன்ட் ஸ்டே'யிலேயே ராப் கிடையாது. 'ஈசியர் டு ரன்'னில் கிடையாது. 'நம்ப்'பில் மைக் பின்னால் நின்று ரெண்டு வரி எடுத்துக் கொடுப்பதோடு சரி. முதல் ஆல்பத்திலும் ராப் இல்லாத பாட்டு உண்டே என்பாய், 'ஒன் ஸ்டெப் க்ளோசர்' இருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் அங்கே ராப் விட்ட இடத்தை அலறல் பிடித்துக்கொள்ளும். மீட்டியோராவில் 'பிரேக்கிங் தி ஹாபிட்'டில் ரெண்டுமே இல்லை. ராப்பும் இல்லை, அலறலும் இல்லை, கனத்த கிதாரும் இல்லை. ராப்-ராக் என்று பெயர் வாங்கிய பேண்ட் அந்த ரெண்டையும் வெளியே நிறுத்திவிட்டு ஒரு பாட்டைப் போடுகிறது, அதுவும் இவ்வளவு விற்றபிறகு. இதற்கு நெஞ்சுத் துணிவு வேண்டும்.

போன ஆடியில் அம்மா ஊரில் கோயில் கொடை, சேரன்மகாதேவி பக்கம் இருக்கிறதே, நீயும் ஒரு தடவை வந்திருக்கிறாய். சுடலைமாடனுக்குக் கணியான் கூத்து, கதையைப் பாடி ஆடுவது. ஆட்டம் தொடங்கும் முன்னால் மகுடக்காரர் ரெண்டு பேரும் கோயில் பின்பக்கம் ஓலையைக் கொளுத்தி மகுடம் என்கிற தோல் வாத்தியத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோலைத் தீக்குக் காட்டுவது, விரலால் ஒரு தட்டு, காது கொடுத்துக் கேட்பது, திருப்தி இல்லாமல் மறுபடி காட்டுவது. உச்ச மகுடம் ஒருவர் கையில், மந்த மகுடம் இன்னொருவர் கையில். பிறகு தலைமைப் பாடகரான அண்ணாவி மூச்சு விடாமல் கதையைக் கொட்டுகிறார், பின்பாட்டுக்காரர் அவர் விட்ட கடைசிச் சொல்லைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுபோகிறார். எனக்குச் சட்டென்று 'ஃபெய்ன்ட்' ஞாபகம் வந்தது. மைக்கும் செஸ்டரும் செய்வது இதுதானே, ஒருவர் கொட்டுகிறார், ஒருவர் இழுக்கிறார். பக்கத்தில் இருந்த மாமாவிடம் இதைச் சொன்னேன், 'சாமி முன்னால உக்காந்து என்ன பேச்சு பேசுத' என்று முறைத்தார். ஆனால் அண்ணாவிக்குத் தெரிந்த ஒன்று அங்கே நன்றாகப் புரிந்தது, எப்போது வாயை மூட வேண்டும் என்பது. சாமி வந்து ஆடும்போது அவர் ஒரு சொல் பேசவில்லை, மகுடம் மட்டும்தான். மைக் ஷினோடா இந்த ரெண்டாவது ஆல்பத்தில்தான் அதைக் கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

'பிரேக்கிங் தி ஹாபிட்' பற்றி இன்னும் கொஞ்சம். அதைச் செஸ்டர் எழுதியதாக நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, மைக் எழுதியது, அந்தக் கருத்தை வருஷக்கணக்கில் மனசில் வைத்திருந்தாராம். பாட்டு முதலில் சொற்களே இல்லாத வெறும் இசையாகத்தான் இருந்தது. ஜப்பான் அனிமேஷனில் அதற்கு ஒரு வீடியோ வந்ததே, ஜோ ஹான் எடுத்தது, நாம் நெட் சென்டரில் அரை மணி நேரம் லோடாக விட்டுப் பார்த்தோமே. அதில் வயலின் கூட்டம் ஏறுகிற இடத்தை இப்போது நல்ல ஹெட்ஃபோனில் கேள், விசிடி பிளேயரில் அதெல்லாம் கொசு சத்தமாகத்தான் கேட்டது. அந்த வயலின்களுக்கு ஏற்பாடு செய்தவர் டேவிட் கேம்பெல், 'ஃபெய்ன்ட்'டுக்கும் அவர்தான். 2017 ஜூலை 20க்கு அப்புறம் இந்தப் பாட்டைச் செஸ்டரின் சாவோடு சேர்த்துத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அன்றைக்கு நீ போன் பண்ணி ஒன்றும் பேசாமல் இருந்தாய், நானும்தான். இருந்தாலும் ஒவ்வொரு வரியிலும் அவர் முடிவைத் தேடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் குரல் என்ன செய்கிறது என்று கேட்கலாம், முதல் சரணத்தில் எவ்வளவு அடக்கி வைத்துக்கொள்கிறது, கடைசியில் எவ்வளவு அவிழ்த்துவிடுகிறது என்று. அதுவே போதும்.

'நோபடிஸ் லிசனிங்' இன்னொரு பக்கம் போய்விடுகிறது. ஷாகுஹாச்சி என்று ஜப்பான்காரர்களின் மூங்கில் குழல், அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து அப்படியே சுற்றவிட்டு, அதன்மேல் முழு ராப். ராக் எங்கே என்று தேடவேண்டும். இப்படி இன்னும் ரெண்டு பாட்டு இருந்திருந்தால் ஆல்பம் எங்கேயோ போயிருக்கும். ஏனென்றால் உன் ஜெராக்ஸ் புகாருக்குப் பொருந்துகிற பாட்டுகளும் இதில் இருக்கத்தான் செய்கின்றன. 'ஹிட் தி ஃப்ளோர்', 'ஃபிகர் 09' ரெண்டும் முதல் ஆல்பத்தில் மிச்சம் விழுந்ததை எடுத்து இதில் போட்டார்களோ என்று தோன்றும், அதை நான் மறுக்கவே மாட்டேன். 'லையிங் ஃப்ரம் யூ'வை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே, அடிப்பேன். இன்னொரு குறை, கிதார் எங்கே வந்தாலும் ஒரே உயரத்தில் வருகிறது, பிராட் டெல்சன் கொஞ்சம் காற்று விட்டு வாசித்திருக்கலாம்.

'நம்ப்' பற்றி எழுத ஒன்றுமில்லை. யூடியூபில் இருநூறு கோடி தடவைக்கு மேல் ஓடிவிட்டது, ராப் பாடகர் ஜே-சியோடு சேர்த்துக் கலந்து கட்டி கிராமி விருதும் வாங்கியாகிவிட்டது, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, நல்ல பாட்டு, நான் இப்போதெல்லாம் அதிகம் கேட்பதில்லை.

ஆனால் அதை வைத்தே உனக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 2023இல் மீட்டியோராவுக்கு இருபது வருஷம் ஆனபோது 'லாஸ்ட்' என்று ஒரு பாட்டை வெளியிட்டார்கள் இல்லையா, அந்த ரெக்கார்டிங் சமயத்தில் பாடிப் பெட்டியில் போட்டுவைத்தது. நல்ல பாட்டு, யார் கேட்டாலும் ஹிட் என்று சொல்வார்கள். அதை ஏன் அப்போது சேர்க்கவில்லை என்பதற்கு மைக் சொன்ன காரணம், அது 'நம்ப்' போலவே இருந்தது என்பதுதான். கையில் இருக்கிற ஹிட் பாட்டை, ஏற்கெனவே இருப்பது போல் இருக்கிறது என்று தூக்கி உள்ளே வைக்கிறவனைப் பார்த்து ஜெராக்ஸ் கடைக்காரன் என்கிறாயே, நியாயமா?

இந்தப் பாட்டை எனக்குக் காட்டியதே என் பையன்தான். ஒன்பதாம் வகுப்பு. புதுப் பாடகி எமிலி ஆர்ம்ஸ்ட்ராங் வந்தபிறகு 2024இல் போட்ட 'ஃப்ரம் ஜீரோ' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, 'அப்பா, இவங்க பழைய பாட்டு இருக்கா' என்று கேட்டான். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே. வீட்டுக்காரிக்கு எரிச்சல், கணக்குப் பாடத்தில் ஒழுங்காக மார்க் வாங்கச் சொல்லுங்கள் முதலில் என்கிறாள். அவனுக்கு மீட்டியோராதான் பிடித்திருக்கிறது, முதல் ஆல்பம் 'ரொம்பக் கத்துதாங்க'ளாம். அவனை வரிசை மாற்றிக் கேட்க நான் விடவில்லை.

மற்றபடி இங்கே எல்லாம் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி, பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டுகிறோம், பரவாயில்லை. டவுனில் வண்டி நிறுத்த இடமே இல்லை, ஆனித் தேருக்குப் போகிறவர்கள் இப்போது எங்கள் வீட்டு முன்னாலேயே பைக்கை விட்டுவிட்டு நடக்கிறார்கள். அல்வா கேட்டிருந்தாய், என் மச்சினன் அடுத்த மாதம் மஸ்கட் வருகிறான், ரெண்டு கிலோ கொடுத்துவிடுகிறேன், அதற்குமேல் லக்கேஜில் இடமில்லை என்று இப்போதே சொல்லிவிட்டான்.

நீ ஒரு காரியம் செய். ஆபீஸ் போகிற வழியில் 'ஃபோர்வேர்ட்'டில் ஆரம்பித்து 'நம்ப்' வரைக்கும் ஷஃபிளை அணைத்துவிட்டுக் கேள். கேட்டுவிட்டு அப்போதும் ஜெராக்ஸ் என்றே எழுதினால், அல்வா மச்சினனுக்கு.

லீவு எப்போது என்று எழுது. டிக்கெட் போடும் முன்னாலேயே சொல், குற்றாலம் சீசனாக இருந்தால் ரூம் கிடைக்காது.

அன்புடன்,
சிந்துபூந்துறைக்காரன்