விஜிக்கு ஒரு சண்டைக் கடிதம்

சேலம்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள விஜி,

பிள்ளைகள், உன் வீட்டுக்காரரின் முட்டி வலி, பெங்களூரு டிராஃபிக் எல்லாவற்றையும் விசாரித்ததாக வைத்துக்கொள். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன் பலன், என் புடவைகளில் பாதி சாயம் போனவை என்று தினமும் அறிவிப்பு வருகிறது. குண்டு பல்பு ஐந்து ரோட்டில் எதிர்ப்பட்டாள். அதே சிரிப்பு. நமக்குத் தர வேண்டிய பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் புகுந்து லெக்சர் எடுக்க ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

அண்ணன் மகள், சின்னவள், சாப்பிடுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டாள்.

பயப்படாதே, இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறாள். ஆனால் இந்த அளவுக்கு வருவதற்குள் வீடே ஆடிப்போய்விட்டது. முதலில் மத்தியானச் சோறு குறைந்தது. அப்புறம் இரண்டு இட்லி ஒன்றானது, ஒன்று பாதியானது. கேட்டால் வயிறு உப்புசமாக இருக்கிறது என்பாள். எந்நேரமும் ஸ்வெட்டர். ஏற்காட்டில் ஒரு பெண் நாள் முழுக்க ஸ்வெட்டரோடு திரிந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? அண்ணன் காப்பிப் பழம் பறிக்கிற மும்முரத்தில் இருந்தார், அண்ணிக்குக் கூலிக் கணக்கு. மாதவிலக்கு நின்றுபோனதே பொங்கலுக்குப் பிறகுதான் வெளியே வந்தது. எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். அண்ணியின் அம்மா சேர்வராயனுக்கு வேண்டிக்கொண்டு கையில் கயிறு கட்டினார்.

நான் அனோரெக்ஸியா, அதாவது சாப்பிட மறுத்து உடம்பை உருக்கிக்கொள்ளும் நோய், என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஒல்லியாகணும்னு அவ ஒரு நாளும் சொன்னதில்லையே?" சொன்னதில்லைதான். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993இல் எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் பார்த்த 70 அனோரெக்ஸியா நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது, பசியில்லை என்றுதான் சொன்னார்கள். கண்ணாடி முன்னால் நின்று அழுகிற பெண்ணை மட்டுமே தேடிக்கொண்டிருந்தால் நம் ஊர்ப் பெண்களில் பலரைத் தவறவிட்டுவிடுவோம்.

அடுத்ததைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. ஓரிடத்தில் கவுன்சலிங்குக்குக் கூட்டிப்போனார்கள். எங்கே என்று எழுதமாட்டேன். சின்ன வயதில் என்ன நடந்தது, அப்பா கோபக்காரரா, அம்மா அக்காவைத்தான் அதிகம் கொஞ்சினாளா என்று வாரா வாரம் தோண்டினார்கள். அண்ணனையும் அண்ணியையும் வெளியே உட்கார வைத்தார்கள். போகும்போது ஓர் அறிவுரை வேறு: சாப்பாட்டைப் பற்றி அவளிடம் வாயே திறக்காதீர்கள், மூலகாரணம் புரிந்தால் தானாகச் சாப்பிடுவாள். மூலகாரணம் கிடைக்கவில்லை, எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனது. நாங்கள்தான் பெண்ணை இப்படி ஆக்கினோமா என்று அண்ணி ராத்திரியெல்லாம் அழுதாள். உனக்குத்தான் தெரியுமே, எங்கள் அண்ணி அழுகிற ரகம் இல்லை.

இங்கே நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஆரம்பித்து இன்றுவரை உனக்கு ஒரே பாட்டு: எந்தச் சிகிச்சை என்பது முக்கியமில்லை, எதிரில் உட்கார்ந்திருப்பவர் நல்ல மனுஷியாக இருந்தால் எல்லாம் பலிக்கும். அந்தக் கவுன்சலரும் நல்ல மனுஷிதானடி. இதமாகப் பேசினாராம். சின்னவளுக்கு அவரைப் பிடித்துக்கூட இருந்தது.

அதனால் உனக்காகவே கோபன்ஹேகனை எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்டிக் பூல்சன், சூசன் லுன் என்று இரண்டு பேர். அள்ளித் தின்றுவிட்டு வாந்தியெடுக்கிற புலிமியா நோய்க்கென்று, ஆழ்மனதைத் தோண்டுகிற மனப்பகுப்பாய்வு முறையில் ஒரு சிகிச்சையை அவர்களே வடிவமைத்தார்கள். அதை, நினைப்பையும் பழக்கத்தையும் நேரடியாக மாற்றப் பார்க்கிற ஃபேர்பர்னின் சிபிடி சிகிச்சையோடு மோதவிட்டார்கள். 70 பேர். அவர்களுடைய சிகிச்சை வாரம் ஒருமுறை, 2 வருடம். சிபிடி 5 மாதத்தில் 20 அமர்வு, அவ்வளவுதான். 5 மாத முடிவில் அள்ளித் தின்பதும் வாந்தியெடுப்பதும் முழுதாக நின்றது சிபிடியில் 42 சதவீதம் பேருக்கு, இந்தப் பக்கம் 6 சதவீதம். சரி, அவர்களுக்கு இன்னும் காலம் பாக்கி இருக்கிறதே என்று பார்த்தால், 2 வருடம் கழித்தும் சிபிடியில் 44 சதவீதம், இவர்களிடம் 15. சொந்தப் பிள்ளை பரீட்சையில் தோற்றதை அவர்களே 2014இல் அச்சில் போட்டார்கள். நம் ஊரில் இப்படி ஒரு முடிவு வந்திருந்தால் பீரோவில் பூட்டிவிட்டு அடுத்த கருத்தரங்குக்குக் கிளம்பியிருப்போம். அந்த நேர்மைக்காகவே அந்தக் கட்டுரையை அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன்.

சின்னவளுக்கு வந்திருப்பது புலிமியா இல்லை, அது வேறு கதை என்பாய். வேறுதான். ஆனால் அங்கேயும் உன் பாட்டு எடுபடவில்லை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ரஸ்ஸலும் மற்றவர்களும் 1987இல் பார்த்தது: 18 வயதுக்குள் நோய் தொடங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகாத பிள்ளைகளுக்குத் தனியாளாக உட்கார வைத்துப் பேசுவதைவிடக் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்வது மேல். 2010இல் லாக்கும் லே கிராஞ்சும் 121 அனோரெக்ஸியா பிள்ளைகளை வைத்து இதே ஒப்பீட்டைச் செய்தார்கள். சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்து முழுதாகக் குணமாகியிருந்தது குடும்பச் சிகிச்சையில் 49 சதவீதம், தனியாள் சிகிச்சையில் 23.

அந்தச் சிகிச்சையில் எனக்குப் பிடித்தது, காரணத்தைத் தேடுவதே இல்லை. உங்களால் வந்தது என்று பெற்றோரிடம் சொல்வதில்லை, உங்களால்தான் தீரும் என்கிறது. என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு என்பதை முதலில் அம்மாவும் அப்பாவும் முடிவு செய்கிறார்கள், கூடவே உட்காருகிறார்கள். எடை ஏறிய பிறகு அந்தப் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திருப்பித் தருகிறார்கள். அதற்கப்புறம்தான் மற்ற கதையெல்லாம். அண்ணியிடம் இதைச் சொன்னபோது என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இதைத்தானே முதல்லேர்ந்து செய்ய நினைச்சேன், செய்யக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களே" என்றாள்.

இப்போது வீட்டில் நடப்பதைப் பார்த்தால் நீ அசந்துபோவாய். அண்ணன் மூன்று வேளையும் தோட்டத்திலிருந்து வந்து மேஜையில் உட்காருகிறார். திட்டுவதில்லை, கெஞ்சுவதில்லை, பேரம் பேசுவதில்லை. முதல் வாரம் தட்டு பறந்தது, கதவு உடைந்தது, "உங்களை வெறுக்கிறேன்" எல்லாம் நடந்தது. அது சின்னவள் பேசவில்லை, நோய் பேசுகிறது என்று அண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். நோய்க்குக் கேட்கட்டும் என்றோ என்னவோ, சத்தமாகவே. சேலத்தில் ஒரு மனநல மருத்துவர் இந்த முறையைப் படித்து வைத்திருக்கிறார், வாரம் ஒருமுறை நால்வரையும் உட்கார வைக்கிறார். ஆரம்பத்தில் ஆஸ்பத்திரியில் வைத்து நாடித்துடிப்பு, பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் பார்த்துத்தான் அனுப்பினார்கள். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும் என்று அண்ணிக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டது. அவள் ஒரே வாரத்தில் நெய்யில் குளிப்பாட்டத் தயாராக இருந்தாள். நான் எதிலும் தலையிடுவதில்லை. சின்னவளுக்கு நான் அத்தை, தெரபிஸ்ட் இல்லை.

இன்னொரு வேடிக்கை. இவ்வளவு நாளும் அவள் அறையில் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? சமையல் வீடியோ. நோட்டுப் புத்தகம் முழுக்கப் பிரியாணிக் குறிப்பு. வீட்டார் நடிக்கிறாள் என்றார்கள். நான் அண்ணனுக்கு மின்னசோட்டா கதையைச் சொன்னேன். 1944-45இல் ஆன்செல் கீஸ் என்பவர், போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு 6 மாதம் அரைப் பட்டினி போட்டார். எடை கால்வாசி குறைந்தது. ஆளுமை என்று நாம் சொல்கிற அத்தனையும் அதோடு மாறியது. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், சிநேகிதர்களை விட்டு விலகினார்கள். அவர்களுக்குச் சின்ன வயதில் என்ன நடந்ததாம்? பசி நடந்தது. அதனால்தான் சொல்கிறேன், காய்ந்துபோன மூளையை உட்கார வைத்து ஆழ்மனதைத் தோண்டாதே, முதலில் சோறு போடு.

எல்லாம் சரி. 49 சதவீதம் என்றால் பாதிகூட இல்லை, விஜி. அண்ணனிடம் அந்த எண்ணை நான் சொல்லவில்லை. ராத்திரி படுத்தால் மீதி 51தான் தலைக்குள் ஓடுகிறது.

இனி நீ ஜெயித்த பக்கம். குதிக்காதே.

பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு விஷயத்தில், அதாவது உணர்ச்சி கட்டுக்கடங்காமல் போய்த் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறவர்கள் விஷயத்தில், உன் பாட்டுக்குக் கொஞ்சம் சுருதி சேர்கிறது. உணர்ச்சியைச் சமாளிக்கப் பழக்குகிற லினெஹனின் டிபிடி சிகிச்சை 1991இல் முதல் சோதனையில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதைக் குறைத்துக் காட்டியதும் உலகமே அதுதான் மருந்து என்றது. லினெஹனே 17 வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர் என்று 2011இல் வெளியே சொன்னபோது நீ போன் போட்டு அழுதாய். ஆனால் அதற்கு முன்பே 2009இல் டொரண்டோவில் மெக்மெய்ன் குழு வெளியிட்டதைப் பார். 180 பேர், ஒரு வருடம். டிபிடி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பெயரே கவர்ச்சியில்லாத, நல்ல மனநல மருத்துவர்கள் ஒழுங்காகச் செய்கிற பொதுவான சிகிச்சை. இரண்டு பக்கமும் நன்றாகத் தேறினார்கள், வித்தியாசம் இல்லை. ஏற்காட்டுக்குக் கொண்டை ஊசி வளைவுகள் வழியாகவும் போகலாம், குப்பனூர் வழியாகவும் போகலாம், டிரைவர் பாதியில் இறங்கிப் போகாமல் இருந்தால் சரி.

ஆனால் "நல்ல மனுஷி" என்று நீ சொல்வது மட்டும் அங்கே போதவில்லை, கவனித்தாயா? டொரண்டோவில் இரண்டு பக்கத்துச் சிகிச்சையாளர்களும் வாரா வாரம் கூடிப் பேசினார்கள். தனியாக ஒருவரும் விடப்படவில்லை. என் அறையில் என்னோடு இருப்பது ஒரு மின்விசிறி. அதுவும் மூன்றில் வைத்தால் கத்தும்.

கல்லூரியில் என்னிடம் கவுன்சலிங்குக்கு ஒரு பெண் வருகிறாள். இதற்குமேல் அவளைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். ஸ்டாஃப் ரூமில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் "டிராமா". கையைக் கிழித்துக்கொண்டால் கவனத்தை ஈர்க்கிறாளாம். ஆளுமைக் கோளாறு என்றால் ஆளே அப்படித்தான், மாற மாட்டாள் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். ஜனரினி என்ற ஆய்வாளர் 290 பார்டர்லைன் நோயாளிகளை 10 வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில் 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் தணிந்து குறைந்தது 2 வருடமாவது அப்படியே இருந்தது. இதை அச்சடித்து ஸ்டாஃப் ரூம் கதவில் ஒட்டலாமா என்று யோசித்தேன். அதே ஆய்வில், வேலையும் உறவும் சேர்ந்து நிலைபெற்றவர்கள் பாதிப் பேர்தான், அதையும் கீழே ஒட்ட வேண்டியிருக்கும்.

அதனால் என் வாதம் இதுதான். சாப்பாட்டு நோயில் எந்தச் சிகிச்சை என்பது முக்கியம், ரொம்ப முக்கியம். தவறானதில் மாதங்கள் போனால் உடம்பு காத்திருக்காது. ஆளுமைக் கோளாறில் ஒழுங்கு, தெளிவு, விட்டுப் போகாமை இருந்தால் பெயர்ப்பலகை எதுவானாலும் நடக்கும். இரண்டையும் ஒரே வகுப்பில் "பேசினால் சரியாகும்" என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மறுப்பு இருந்தால் எழுது, எண்களோடு எழுது. "என் அனுபவத்தில்" என்று ஆரம்பித்தால் படிக்காமல் கிழித்துவிடுவேன்.

இரண்டு உதவி வேண்டும். பெங்களூருவில் இந்தக் குடும்ப முறையைத் தமிழில் பெற்றோருக்குச் சொல்லித் தரக்கூடியவர் யாராவது இருந்தால் கேட்டுச் சொல். வீடியோ காலில் அண்ணனோடும் அண்ணியோடும் பேசினால் போதும். அண்ணிக்கு இங்கிலீஷில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்து என்னிடம் மறுபடி கேட்கிறாள்.

இரண்டாவது, வாரம் ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும். பெயர், ஊர், அடையாளம் எதுவும் இல்லாமல் நான் என்ன செய்தேன் என்று சொல்வேன். நீ திட்டு, கேள்வி கேள். உன் கேஸைப் பற்றி நீ சொல், நான் திட்டுகிறேன். டொரண்டோக்காரர்களுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கட்டும். செவ்வாய் இரவு எட்டரை எனக்குத் தோது, அம்மா சீரியலில் இருப்பார். உனக்கு ஒத்துவருமா என்று சொல்.

அன்புடன்,
மல்லி

பி.கு.: மிளகு பறித்து முடிந்ததும் அண்ணன் உனக்கு ஒரு கிலோ அனுப்பச் சொல்லியிருக்கிறார். பழைய விலாசம்தானா, இல்லை மறுபடியும் வீடு மாற்றிவிட்டாயா?