அந்த ஊசி பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, அந்த வாரம்தான் எனக்கு ஊசி. போட்ட மறுநாள் உடம்பு அடித்துப் போட்டாற்போல இருக்கும்.

எனக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் போடும் லூப்ரோலைட் ஊசி அக்காவின் அல்சைமர் மறதிநோய்க்கும் கேட்குமாமே என்று கேட்டிருக்கிறாய். வெறும் வதந்தி இல்லை. ஆனால் நீ நினைக்கிற அளவுக்கும் இல்லை.

மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனைச் சுரப்பதை விட்டுவிடுகிறது. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு அது புரிவதில்லை. கூப்பிட்ட குரலுக்கு மருமகள் வராவிட்டால் இன்னும் உரக்கக் கத்தும் மாமியார் மாதிரி, சினைப்பையைத் தூண்டும் எல்.எச். என்ற ஹார்மோனைப் பல மடங்கு கொட்டுகிறது. பெண்களுக்கு அல்சைமர் அதிகம் வர ஈஸ்ட்ரோஜன் குறைவதே காரணம் என்றுதான் ரொம்ப நாள் பேசினார்கள். ஆனால் அமெரிக்காவில் 65 வயது தாண்டிய பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது மறதிநோய் இரட்டிப்பானது. அது 2003-ல் வெளிவந்தது. ரிச்சர்ட் போவன், கிரெய்க் அட்வுட் போன்ற ஆய்வாளர்கள் வேறு கோணத்தில் பார்த்தார்கள்: கெடுப்பது குறைந்துபோன ஹார்மோன் இல்லை, ஏறிப்போன எல்.எச். ஆக ஏன் இருக்கக் கூடாது? நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் எல்.எச். வந்து ஒட்டும் இடங்கள் இருக்கின்றன.

எல்.எச்.-ஐ அடக்கத்தான் என் ஊசி. முதலில் பிட்யூட்டரியைத் தூண்டிவிடும், சில வாரத்தில் அது ஓய்ந்துவிடும். அந்த முதல் தூண்டலுக்குப் பயந்துதான் எனக்கு முன்னாலேயே மாத்திரை கொடுத்தார்கள். சிரிஞ்சில் ஒரு பக்கம் பொடி, ஒரு பக்கம் தண்ணீர். நர்ஸ் மெதுவாக அழுத்திக் கலந்து, பால் நிறம் வரும்வரை ஆட்டி இடுப்பில் போடுவார். அளவு 22.5 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒன்று.

அதே 22.5-ஐத்தான் வாயேஜர் என்ற அமெரிக்கக் கம்பெனி அல்சைமர் வந்த பெண்களுக்கும் போட்டுப் பார்த்தது. 109 பேர், 48 வாரம். சிலருக்கு முழு அளவு, சிலருக்குப் பாதி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி ஊசி. மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. அல்சைமருக்கு வழக்கமாகக் கொடுக்கும் டோனெபெசில் வகை மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. போலி ஊசி போட்டவர்கள் நினைவுச் சோதனையில் 4.21 புள்ளி பின்தங்கினார்கள், முழு அளவு போட்டவர்கள் 0.18 மட்டும்தான். கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார்கள்! இந்த முடிவு அச்சில் வந்தது 2015-ல்.

அக்காவும் டோனெபெசில்தான் சாப்பிடுகிறார் என்பதால் நீ துள்ளுவாய் என்று தெரியும். கொஞ்சம் பொறு. பிரித்தெடுத்த சிறு கூட்டத்தில் கிடைத்த வெற்றியை நான் பாதிதான் நம்புவேன். அப்படிப் பிரிப்போம் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள், அதனால்தான் பாதியாவது நம்புகிறேன். இதைச் சரிபார்க்கவே நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் டிரேசி பட்லர் 150 பெண்களை வைத்து இன்னொரு சோதனையைத் திட்டமிட்டார். அதே அளவு, அதே 48 வாரம், எல்லோரும் டோனெபெசில் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள். லூப்ரோலைட் அமெரிக்காவில் 1985-லேயே அனுமதி பெற்ற பழைய மருந்து, இதில் பணம் போட எந்தக் கம்பெனிக்கு அக்கறை இருக்கும்?

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். என்னைப் போல இந்த ஊசி போடும் ஆண்களுக்கு மறதி கூடுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்தே விழுந்துவிடுவது காரணமாக இருக்கலாம். (நான் மறந்ததற்கெல்லாம் இனி ஊசிமேல் பழி போடலாம்.) அதைவிட வேடிக்கை, 2022-ல் பிரான்சின் லீல், சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் செய்தது. டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ள ஏழு ஆண்களுக்கு, பிட்யூட்டரியைத் தூண்டும் ஹார்மோனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பம்ப் வழியாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஆறு பேருக்கு அறிவுத்திறன் தேறியது. ஒருவர் அடக்கச் சொல்கிறார், இன்னொருவர் தூண்டச் சொல்கிறார்! எனக்குத் தோன்றுவது, நோயும் வயதும் ஆளும் வேறு வேறு என்பதால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

ஆகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கி அக்காவுக்குப் போட்டுவிடாதே. டோனெபெசிலையும் நிறுத்திவிடாதே. நரம்பியல் டாக்டரிடம் இந்த ஆய்வைச் சொல்லி, அவர் என்ன நினைக்கிறார் என்று கேள். உடம்பு குப்பென்று கொதித்து வியர்ப்பதையும் எலும்பு தேய்வதையும் பற்றியும் கேட்டு வை. எனக்கு அப்படி வியர்க்கும்போதெல்லாம் சரோஜா, "நான் அம்பது வயசுல பட்டது இப்பத் தெரியுதா?" என்று விசிறியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

அக்காவின் மருந்துச்சீட்டை நகல் எடுத்து அனுப்பு. மாசி மாதம் அங்கே வரும்போது உன்னோடு நானும் அந்த டாக்டரைப் பார்க்க வருகிறேன்.

அன்புடன்,
ரகு